உப்பளத்தில் கேமரா: எனக்கு நானே எழுதிக்கொண்ட விதிகள்

தூத்துக்குடி உப்பளங்களை ஒரு முழுச் சீசனுக்குப் படமெடுப்பது என்று முடிவானதும் நான் முதலில் வாங்கியது கோடு போட்ட ஒரு நோட்டு. எதையெல்லாம் எடுக்க மாட்டேன், எடுத்ததை எங்கெல்லாம் காட்ட மாட்டேன், யாரிடம் எப்போது எப்படிக் கேட்பேன் என்று அதில் எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டில் என்ன இருக்கிறது, களத்தில் எது நின்றது, எது மாறியது, ஒவ்வொரு விதியையும் கைவேலையாக எப்படிச் செய்கிறேன் என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். ஆவணப் படத்தொடர் ஒன்றைத் தொடங்க நினைக்கும் யாருக்காவது பயன்படும்.

விதிகளை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்பளத்தின் காலை வெளிச்சம் அவ்வளவு வலியது. வெயிலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்க்கலாம். சூரியன் கிளம்பும் நேரத்தில் பாத்தித் தண்ணீர் முழுவதும் நிறம் மாறும், அம்பாரங்கள் ஒளிரும், தலைச்சுமையோடு பெண்கள் வரிசையாக வரப்பில் நடப்பார்கள். அந்த நேரத்தில் கண்ணும் விரலும்தான் முடிவெடுக்கும். இது சரியா என்று யோசிக்க இடமே இருக்காது. அதனால் யோசனையை வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், முதல் நாளே முடித்துவிட வேண்டும்.

நான் தொடங்கியது 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் வந்த சீசனில். டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. உப்பளங்கள் மூழ்கின, குவித்து வைத்திருந்த உப்பு கரைந்துபோனது. அந்த நாட்களில் நிறைய கேமராக்கள் வந்து போயிருக்கின்றன. தருவைகுளம் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் நான் என்ன செய்யப்போகிறேன் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் அமைதியாகக் கேட்டார்: “வெள்ளத்தில் எடுத்துக்கொண்டு போன படமெல்லாம் எங்கே, தம்பி?” யாரும் ஒரு பிரதிகூடக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதினேன். என் விதிகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அதற்கான பதில்தான்.

குரல் எட்டும் தூரம்

முதல் விதி: என் குரல் எட்டாத தூரத்தில் இருப்பவரின் முகத்தைப் படம் எடுப்பதில்லை.

உப்பளம் திறந்த வெளி. ஒளிந்துகொள்ள மரமோ சுவரோ கிடையாது. 200 மி.மீ. லென்ஸ் ஒன்று இருந்தால் சாலையோரம் நின்றபடியே, பாத்திக்குள் குனிந்து நிற்பவரின் வியர்வையைக்கூட எடுத்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. அப்படி எடுத்த படங்கள் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அவர் மறுப்பதற்கான வாய்ப்பை அந்தத் தூரம் பறித்துவிடுகிறது. அதனால் நீள லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டேன். கையில் இருப்பது 35 மி.மீ. ஒன்று மட்டும். அதில் ஒருவரின் முகமும் கைவேலையும் தெரிய வேண்டுமானால் இரண்டு மூன்று அடி எடுத்துவைத்து அருகில் போகத்தான் வேண்டும். அருகில் போனால் பேசத்தான் வேண்டும். லென்ஸே என்னைப் பேச வைக்கிறது என்பதுதான் இந்தத் தேர்வின் காரணம்.

ஆட்கள் புள்ளிகளாக மட்டும் தெரியும் அகலமான நிலக்காட்சிக்கு இந்த விதி பொருந்தாது. முகத்தை வைத்தோ சேலை நிறத்தை வைத்தோ ஊர்க்காரர் ஒருவர் “இது இன்னார்” என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் அது முகம்தான். இந்த அளவுகோல் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒரே லென்ஸில் இன்னொரு வசதியும் உண்டு. உப்பளக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. கேமராவின் உள்ளே உப்புத்துகள் போனால் சென்சாரும் உலோகத் தொடுமுனைகளும் கெடும். வீடு திரும்பியதும் முதலில் ரப்பர் ஊதியால் துகள்களை ஊதிவிட வேண்டும். ஊதாமல் துடைத்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வைத்துவிட வேண்டும். முக்காலி கொண்டுபோனால் அதன் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாமல் மடக்கக் கூடாது.

முதலாளி சொன்ன சரி

உப்பளத்துக்குள் நுழைய உரிமையாளரின் அனுமதி வேண்டும். சிலர் உடனே சரி என்றார்கள். சிலர் எதற்கு என்று கேட்டுவிட்டு மறுத்தார்கள். மறுத்த இடங்களில் நான் நுழையவில்லை. ஆனால் சரி என்று சொன்னவர்களின் சரி எதற்கான சரி என்பதை நோட்டில் தெளிவாக எழுதிக்கொண்டேன்: அது வரப்பில் கால் வைப்பதற்கான அனுமதி, வேலை செய்பவரின் முகத்துக்கான அனுமதி அவரிடமே இருக்கிறது.

எழுதுவது எளிது, களத்தில் இது சிக்கலானது. கங்காணி கூடவே வந்து, “தம்பி படம் எடுக்கட்டும், எல்லாரும் நில்லுங்கள்” என்று சொல்வார். அந்த நிமிடத்தில் எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். தினக்கூலிக்கு வந்தவர், நாளைக்கும் வேலை வேண்டும். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எனவே இரண்டாவது விதி: கேட்பது இரண்டு முறை. ஒரு முறை வேலையிடத்தில். இன்னொரு முறை கங்காணியும் முதலாளியும் இல்லாத இடத்தில், வீட்டுத் திண்ணையிலோ டீக்கடையிலோ, அச்சான படத்தைக் கையில் கொடுத்துவிட்டு. இரண்டாவது முறை கிடைக்கும் பதில்தான் கணக்கு.

படத்தைப் பார்த்தபின் கேட்பதற்குக் காரணம் உண்டு. படம் எடுக்கப்படுவதற்கு முன் சம்மதிப்பவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது. கேமராவின் பின்பக்கச் சிறுதிரையில், வெயிலில், யாருக்கும் எதுவும் தெரியாது. மேக்சி சைஸ் பிரிண்டாகக் கையில் வாங்கிப் பார்க்கும்போதுதான் ‘இது நான், இப்படித் தெரிகிறேன், இதை வெளியூர்க்காரர்கள் பார்ப்பார்கள்’ என்பது புரிகிறது. கையெழுத்துத் தாளை நான் தொடக்கத்திலேயே விட்டுவிட்டேன். அச்சடித்த காகிதத்தில் கையெழுத்து என்றதும் கடன் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் முகம் மாறிவிடுகிறது. அதற்குப் பதில், அவர் சொல்வதை அவர் சம்மதத்தோடு கைபேசியில் குரலாகப் பதிவு செய்கிறேன். எந்தப் படம், எங்கே காட்டலாம், எங்கே கூடாது, பெயர் போடலாமா, கூடாதா என்று இவ்வளவுதான் அதில் இருக்கும். “இங்கே எல்லாரும் பார்க்கலாம், என் மாமியார் ஊரில் மட்டும் வேண்டாம்” என்பதுபோன்ற பதில்கள் எந்தப் படிவத்திலும் அடங்காது. குரலில் அடங்கும்.

உப்பு வெள்ளை, முகம் பழுப்பு

நான் அதிகம் யோசித்ததும், அதிகம் பழகிப்பார்த்ததும் வெளிச்சம் பற்றிய விதியைத்தான். விதி இது: முகத்துக்கு அளவெடு, உப்புக்கு அல்ல.

கேமராவின் ஒளிமானி தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். படச்சட்டம் முழுக்க வெள்ளை உப்பு நிறைந்திருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். உப்பு அழுக்குச் சாம்பலாகும். வெயிலில் கருத்த முகம் அடையாளமே தெரியாத கறுப்பாகும். தானியங்கி முறையில் எடுப்பவர்கள் ஒளித்திருத்தத்தை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது) கூட்டினால் உப்பு வெள்ளையாகிவிடும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உப்பு வெள்ளையானால் போதுமா? முகம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டாமா?

நான் செய்வது: அளவீட்டை, ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் புள்ளி முறைக்கு மாற்றி, கன்னத்திலோ நெற்றியிலோ அளவெடுத்து, அதை மாற்றாமல் பூட்டிவிடுகிறேன். நம் ஊர்ப் பழுப்புத் தோல் ஏறத்தாழ நடுச்சாம்பலுக்கு அருகில் நிற்பதால் கூட்டல் கழித்தல் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பின்னால் உள்ள அம்பாரத்தில் சில இடங்களில் விவரம் போய், வெறும் வெள்ளையாகும். போகட்டும். சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் அதில் ஓரளவு மீட்கலாம். மீளாவிட்டாலும் உப்பின் பரல் தெரியாமல் போவதுதான் நட்டம், ஒருவரின் கண் தெரியாமல் போவதில்லை.

உச்சி வெயிலை எல்லாரும் தவிர்க்கச் சொல்வார்கள். உப்பளத்தில் அந்த அறிவுரை பாதிதான் உண்மை. மேலிருந்து விழும் வெயில் தலைத்துண்டின் கீழ் முகத்தை இருட்டாக்கும், ஆனால் தரையில் கிடக்கும் உப்பு அதே வெயிலைக் கீழிருந்து முகத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. வெட்டவெளியில் பரப்பி வைத்த ரிப்ளெக்டர் அது. பத்து மணி வாக்கில், புதிதாக வாரிய உப்புக்கு அருகில் நிற்பவரின் முகத்தில் கண்குழிக்குள்ளும் வெளிச்சம் இருக்கும். அதே கூசல்தான் அவர்கள் கண்ணை ஆண்டுக்கணக்கில் வருத்துகிறது என்பதையும் மறக்க முடியாது. எனக்குச் சாதகமான வெளிச்சம் அவர்களுக்கு வேலைக் கேடு. படக்குறிப்புகளில் இதை எழுதுகிறேன்.

இந்த விதியிலிருந்து நேராகப் பிறந்தது இன்னொன்று: நிழலுருவப் படம் கிடையாது. சூரியனுக்கு எதிரே நின்று, கறுப்பு உருவங்களாகப் பெண்கள் வரிசையில் நடக்கும் படம்தான் உப்பளம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. அழகான படம்தான். ஆனால் அதில் யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, அந்த அக்காவுக்கே தெரியாது. வெள்ளை உப்பின் மேல் கறுப்பு மனிதர் என்ற அந்த வடிவம் ஓர் ஆளை அலங்காரமாக்கிவிடுகிறது. இதற்குப் பழைய வரலாறும் இருக்கிறது. வண்ணப் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டையில் இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் முகம். அதை அளவாக வைத்துத்தான் உலகமெங்கும் வண்ணம் சரிபார்க்கப்பட்டது. பல நிறத் தோல்கள் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. கறுத்த முகம் படத்தில் சரியாக விழாததை இயற்கையின் குறை என்று சொல்லிவிட முடியாது. யாரோ ஒருவர் எதற்கு அளவெடுப்பது என்று முடிவு செய்ததன் விளைவு அது. என் படத்தில் அந்த முடிவை நான் எடுக்கிறேன்.

கறுப்பு வெள்ளையும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். உழைப்பைக் கறுப்பு வெள்ளையில் காட்டினால் அது என்றோ முடிந்துபோன துயரம்போல் ஆகிவிடும். அங்கே இருப்பதோ நீல நிற ரப்பர் பூட்ஸ், மஞ்சள் பிளாஸ்டிக் குடம், சேலைக்கு மேல் போட்ட கட்டம் போட்ட ஆண் சட்டை, செறிவு ஏறிய பாத்தியில் தண்ணீரின் இளஞ்சிவப்பு. இவை இன்றையவை. நிறத்தோடுதான் இருக்க வேண்டும்.

பாதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்ச் உப்பளத் தொழிலாளர்களின் பாதம் சிதையில்கூட முழுதாக எரிவதில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அதைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேயும் வெடித்த பாதத்தைத் தேடுகிறார்கள். உடலின் ஒரு பாகத்தை மட்டும் நறுக்கி எடுப்பதில்லை என்று எழுதிக்கொண்டேன். பாதம் வேண்டுமானால் அந்தப் பாதத்துக்கு உரியவரின் முகமும் அதே தொடரில், அவர் சம்மதத்தோடு இருக்க வேண்டும்.

வேலையைப் படித்துவிட்டு எடு

ஒரு வேலையின் பெயரும் காரணமும் தெரியாமல் அதைப் படமெடுப்பதில்லை. இதனால் முதல் சில வாரங்கள் மிகக் குறைவாகவே எடுத்தேன், நிறையக் கேட்டேன். மழைக்குப் பின் பாத்தியில் சேர்ந்த சேற்றை அகற்றி, தரையை மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். பார்ப்பவருக்குச் சும்மா நடப்பதுபோல் இருக்கும். அந்த மிதிப்பில்தான் அந்த ஆண்டின் உப்பு சேறில்லாமல் வெளுப்பாக வருவது இருக்கிறது. உப்புநீரின் செறிவைச் சொல்லும் போமே அளவில் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி. தூத்துக்குடியில் பல இடங்களில் அதைவிட உப்பேறிய நிலத்தடி நீரை இறைக்கிறார்கள். பாத்தி பாத்தியாக வெயிலில் ஓடவிட்டு 25 டிகிரி வாக்கில் வந்தால் உப்பு பூக்கத் தொடங்கும். 29 டிகிரிக்கு மேல் விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும், அதற்குள் மிஞ்சிய நீரை வெளியேற்ற வேண்டும். இது தெரிந்தபின்தான் ஒரு அண்ணாச்சி தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்ப்பதை நான் எடுத்தேன். தெரியாமல் எடுத்திருந்தால் தாகத்துக்குக் குடிக்கிறார் என்று எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

இடம் பற்றிய குறிப்பிலும் அதே கண்டிப்பு வேண்டும். 2015இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், பெல்ஜியத்தின் ஷார்ல்ரோவா நகரைப் பற்றிய தொடர் ஒன்றுக்குக் கொடுத்த முதல் பரிசு திரும்பப் பெறப்பட்டது. ஷார்ல்ரோவாவில் எடுத்ததாகச் சொன்ன ஒரு படம் உண்மையில் பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்டது என்பதும் அதற்கு ஒரு காரணம். வேப்பலோடையில் எடுத்ததை முள்ளக்காடு என்று எழுதினால் தூரத்து வாசகருக்கு வேறுபாடு தெரியாது. அங்கே வேலை செய்பவருக்குத் தெரியும், அவர்தான் என் முதல் வாசகர்.

திருத்தத்தில் வெட்டிச் சுருக்குவதும் வெளிச்சத்தைச் சரிசெய்வதும் உண்டு. எதையும் நீக்குவதில்லை, சேர்ப்பதில்லை. களத்தில், “இன்னொரு தடவை கூடையைத் தூக்குங்கள் அக்கா” என்று கேட்பதில்லை. ஒருவர் சும்மாட்டைச் சரிசெய்து, சுமை தூக்கிவிட ஆள் பார்த்து, தூக்கி, வரப்பில் நடந்து, கொட்டிவிட்டு வருகிறார். அதை என் ஒரு படத்துக்காக இரண்டாம் முறை செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தவறவிட்ட படம் தவறியதுதான்.

முதல் படம் அவர்களுடையது

இந்த விதி என்னுடைய நோட்டில் முதலில் இல்லை. அதைக் கொடுத்தவர்கள் பெண்கள். வேலைச் சட்டையும் தலைத்துண்டும் முகம் மறைத்த துணியுமாக எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு அக்கா சொன்னார்: “இது உங்களுக்கான படம் தம்பி. எங்களுக்கான படத்தை எப்போது எடுப்பீர்கள்?” ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். போனேன். நல்ல சேலை, பூ, மகளின் கழுத்துச் சங்கிலி, வீட்டு வாசலில் நாற்காலி. பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து வரிசையாக நின்றார்கள்.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். யாரையும் வேலையில் படமெடுப்பதற்கு முன், அவர் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அப்படி ஒரு படம். எங்கே நிற்பது, யாரோடு நிற்பது, சிரிப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவர் முடிவு. அதை ஸ்டுடியோவில் பெரிதாக அச்சிட்டு, லாமினேஷன் செய்து கொடுத்துவிடுகிறேன். வீட்டில் மாட்ட வேண்டும் என்றால் காகிதப் படம் உப்புக்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும். இந்த முதல் படத்தைத் தொடரில் சேர்ப்பதா என்பதும் அவர் விருப்பம். பெரும்பாலோர் சேர்க்கச் சொன்னார்கள். இப்போது தொடரில் ஒவ்வொருவரின் வேலைப் படத்துக்குப் பக்கத்திலும் வீட்டு வாசல் படம் இருக்கிறது. படத்தொகுப்பாகப் பார்த்தால் ஒழுங்கு குலைகிறது என்று ஒரு நண்பர் சொன்னார். குலையட்டும். வாசல் படம் இல்லாமல் வேலைப் படத்தை மட்டும் பார்ப்பவர், அந்த அக்காவின் வாழ்க்கை முழுவதும் உப்புதான் என்று நினைத்துவிடுவார்.

மறுத்த படங்களும் உண்டு, காரணங்களோடு. நல்ல வெளிச்சத்தில் அமைந்த ஒரு படத்தை அதில் இருந்தவர் வேண்டாம் என்றார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சம்பந்தி வீட்டில் இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்றார். நான் வாதிடவில்லை. உழைப்பில் என்ன வெட்கம் என்று அறிவுரை சொல்வது வெளியிலிருந்து வந்தவருக்கு மிகச் சுலபம். அதன் விலையைக் கொடுக்கப்போவது அவர்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

சம்மதம் என்பது ஒரு நாளோடு முடிவதில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் பாதிக்கப்பட்ட டொமோகோ என்ற சிறுமியை அவருடைய தாய் குளிப்பாட்டும் படத்தை அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் 1971 டிசம்பரில் எடுத்தார். பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்த படம் அது. உலகமெங்கும் போனது. டொமோகோ 1977இல் இறந்தார். மகள் ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் விரும்பியபோது, படத்தின் உரிமையை வைத்திருந்த, யூஜினின் முன்னாள் மனைவி ஐலீன் ஸ்மித் 1998இல் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார், புதிய வெளியீடுகள் நிறுத்தப்பட்டன. ஒளிப்பட வரலாற்றின் பெரும் படங்களில் ஒன்று அது. அதைப் பின்வாங்க முடிந்தது என்றால், என் படத்தைப் பின்வாங்க முடியாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

எதிர்ப்பக்க உதாரணம் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டாரதியா லேங்கே. 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையின்றித் தவித்த ஒரு தாயை அவர் எடுத்தார். பெயரைக் கேட்கவில்லை என்று பிற்பாடு அவரே எழுதினார். அரசுத் திட்டத்துக்காக எடுத்த படம், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அந்தத் தாய் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. தன்னை எடுத்திருக்கவே வேண்டாம், அதனால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருந்தினார். லேங்கேயின் படம் உதவியைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் உலகமே அறிந்த முகத்துக்குச் சொந்தக்காரர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெயரில்லாமல் இருந்தார் என்பதும் உண்மை.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கணினியில் செய்யும் வேலை இதுதான். எடுத்த அன்றே படங்களை இறக்கி, எல்லாவற்றுக்கும் சிவப்புக் குறி போட்டுவிடுகிறேன். வேலையிடத்தில் சம்மதித்தவரின் படம் மஞ்சள். அச்சைப் பார்த்து இரண்டாம் முறை சம்மதித்தால் பச்சை. ஏற்றுமதி செய்யும்போது பச்சையை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி வடிகட்டி அமைத்திருக்கிறேன். அதனால் அவசரத்தில் கேட்கும் பத்திரிகைக்குக்கூட வேறு படம் போக வழியில்லை. நிபந்தனைகளைப் படக்கோப்புக்குள்ளேயே, ஐ.பி.டி.சி. எனப்படும் உட்பொதிந்த படக்குறிப்புத் தகவலில், அறிவுறுத்தல் பகுதியில் எழுதுகிறேன்: ‘பெயர் வேண்டாம்’, ‘இணையத்தில் வேண்டாம்’ என்று. அந்தத் தகவல் நீக்கப்படாதவரை கோப்போடு அதுவும் கூடப் போகும். கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வைத்திருக்கிறேன். கூலி பற்றி மனம் திறந்து பேசியவர் எந்த அளத்தில் வேலை செய்கிறார் என்பதைக் கோப்பு காட்டிக்கொடுக்கக் கூடாது. பெயர்களும் குரல் பதிவுகளும் தனி வட்டில், பூட்டுச்சொல்லோடு இருக்கின்றன. கோப்புகளில் எண் மட்டும்.

பின்வாங்க விரும்பினால் அழைக்க, ஒவ்வொரு பிரிண்டின் பின்புறமும் என் பெயரும் எண்ணும் படத்தின் எண்ணும் எழுதிக் கொடுக்கிறேன். அச்சாகிவிட்ட இதழைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன். முடிந்ததை மட்டும்தான் வாக்குக் கொடுக்க முடியும்.

குழந்தைகள் விஷயத்தில் விதி ஒரே வரி: அளத்துக்குள் குழந்தைகளை எடுப்பதில்லை. விடுமுறையில் அம்மாவோடு வருவார்கள், வரப்பில் விளையாடுவார்கள், ஒரு நிமிடம் கூடையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒரு நிமிடம் படத்தில் விழுந்தால் அதைக் குழந்தைத் தொழிலாக யாரும் வாசிக்கலாம், விசாரணை போய் நிற்பது அந்த அம்மாவின் வாசலில். உண்மையாகவே குழந்தை வேலை வாங்கப்படுவதைப் பார்த்தால் 1098க்கு அழைப்பது என் கடமை. அதற்குப் படத்தொடர் தேவையில்லை. வாசல் படத்தில், பெற்றோரோடு, குழந்தைகள் தாராளமாக நிற்கலாம்.

பணம் பற்றி அதிக நேரம் யோசித்தும் எளிய விடைதான் கிடைத்தது. எடுப்பதற்குப் பணம் கொடுப்பதில்லை. கொடுத்தால், அன்று செலவுக்கு இல்லாதவரால் மறுக்க முடியாது. ஒரு படம் விற்றாலோ பரிசு வாங்கினாலோ வரும் தொகையில் பாதி படத்தில் இருப்பவருக்கு. தொகை எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுக்கிறேன். பாதி என்பது நியாயமா என்று யாராவது கேட்டால், நியாயத்தின் தொடக்கம் என்றுதான் சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலை நடக்கும் மாதங்களுக்கானது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் நின்றுவிடும். அப்போது வருமானம் இல்லை. மழைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கிறது. மின்னும் உப்பை எடுத்துவிட்டு, மின்னாத மாதங்களை விட்டுவிட்டால் அது பாதிப் பொய். எனவே படத்தொடர் மழையோடு முடியக் கூடாது என்று எழுதி வைத்திருந்தேன். அந்த மாதங்களில் கேமராவை வெளியே எடுத்தது குறைவு. நனைந்த வரப்புகள், தார்ப்பாய் போர்த்திய அம்பாரங்கள், வேறு வேலை தேடி விடியற்காலையில் பஸ் ஏறுபவர்கள். அடுக்களையையும் அடகுச்சீட்டையும் யாராவது தானாகக் காட்டினாலொழிய நான் கேட்கவில்லை. ஒருவர் காட்டினார், எழுதிக்கொள்ளச் சொன்னார், படம் வேண்டாம் என்றார். நோட்டில் எழுத்தாக இருக்கிறது.

முதல் கண்காட்சி சென்னையில் இல்லை, தருவைகுளத்தில்தான் என்று கடைசியாகச் சேர்த்தேன். படங்களை வினைலில் அச்சிட்டுக் கயிற்றில் கட்டப்போகிறோம். காற்றையும் ஈரத்தையும் அது தாங்கும், கண்ணாடிச் சட்டம் தாங்காது. படக்குறிப்புகளை நான் எழுதி, படத்தில் இருப்பவர்கள் திருத்தித் தருகிறார்கள். இப்போதே ‘உப்பு அள்ளுகிறார்’ என்று நான் எழுதியிருந்த இடங்களையெல்லாம் ‘வாருகிறார்’ என்று மாற்றிவிட்டார்கள். யாருக்கு எந்த அளத்தில் எத்தனை ஆண்டு அனுபவம் என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓரிருவரின் படங்கள் இன்னும் மஞ்சளில் நிற்கின்றன. அவர்கள் பாத்தி மிதிக்க வரும் வரை அவற்றை அச்சுக்கு அனுப்பப்போவதில்லை.